சன்னலோரச் சிரிப்பு

ராசிபுரத்திலிருந்து சேலம் போகும் காலை பஸ்ஸில் ஒரு அம்மாவுக்கு மட்டும் எப்படியோ சன்னலோர சீட் கிடைத்துவிடும். படிய வாரிய தலை, கஞ்சி போட்ட சேலை, கையில் ஒரு இ-ரீடர். படித்துக்கொண்டே தனக்குள் சிரிப்பார். அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் எனக்கும் ஒன்று வாங்கும் ஆசை வந்தது.

ஒருநாள் பக்கத்தில் நின்ற என்னிடமிருந்து பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். நான் கேட்டுவிட்டேன்.

"ஏனுங்க, இதுல எது வாங்கினா நல்லதுங்க?"

"பட்டன் வச்சதா வாங்குங்க. ஒரு கையில கம்பியப் புடிச்சுட்டே கட்டவெரல்ல பக்கம் தள்ளிக்கலாம்."

"என்ன படிக்கறீங்க?"

டிவி சீரியல் ஜோடியை வைத்து ரசிகர்கள் இணையத்தில் எழுதும் கதையாம். எனக்குப் பகீரென்றது. அதே ஜோடியை வைத்து நானும் புனைபெயரில் எழுதுகிறேன். எட்டிப் பார்த்தேன். அங்கே எழுதும், எனக்கு ஆகவே ஆகாத இன்னொருத்தியின் கதை.

என் புனைபெயரைச் சொல்லி, "அவங்க கதையெல்லாம் படிப்பீங்களா?" என்றேன்.

"அதுங்களா? போன்லயே ஒருக்காப் பார்த்துக்குவனுங்க. திரும்பத் திரும்பப் படிக்கறத மட்டுந்தான் இதுல ஏத்துவேன்."

சொல்லிவிட்டு, இ-ரீடரை என் பைமேலேயே சாய்த்து வைத்துப் படித்தார். மல்லூர் தாண்டியதும் மறுபடி சிரித்தார்.

பட்டன் வைத்ததாகவே வாங்கினேன். முதலில் ஏற்றியது எனக்கு ஆகாத அவளுடைய கதையைத்தான். எந்த வரிக்கு அந்த அம்மா அப்படிச் சிரித்தார் என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.