ஒரே கூண்டில் ஒரு குடும்பம்

தக்காளி வந்து இறங்குகிற பச்சை பிளாஸ்டிக் கூடை அது. அதன் வாயில் கொசுவலைத் துணியைக் கட்டி, உள்ளே குறுக்காக ஒரு குச்சி செருகி, கிண்ணத்தில் தினை வைத்திருந்தேன். செங்கம் சாலையில், ஆசிரமத்துப் பக்கம் ஒரு தங்கும் விடுதியில் மேனேஜராக இருந்த காலத்தில் நான் செய்த உருப்படியான காரியம் அது ஒன்றுதான். அதையும் முதலாளி ஒருநாள் முழுசாக விட்டுவைக்கவில்லை.

விடுதி முற்றத்தில், காபி குடிக்க உட்காருகிற இடத்தில், ஆள் உயரக் கம்பிவலைக் கூண்டு வைத்து லவ் பேர்ட்ஸ் வளர்த்தார். கூண்டுக்குள் வரிசையாக மண்பானைகள், ஒவ்வொன்றிலும் முட்டையோடு ஒரு பெட்டை. பறவை விற்றவர் முதல் நாளே என் எதிரில் சொல்லிவிட்டுப் போனார்: "குஞ்சு தானா தினை கொத்த ஆரம்பிச்சதும் தனிக் கூண்டுக்கு மாத்திடுங்க சார். இல்லன்னா வேற பானைக்குள்ள பூந்துடும். அந்தப் பெட்டை மண்டையிலயே கொத்திப்புடும்." முதலாளி தலையாட்டினார். தனிக் கூண்டு வரவே இல்லை. கூண்டு நிறைந்திருந்தால்தான் போட்டோவுக்கு அழகாம். தங்க வருகிறவர்களிடம் நெஞ்சில் கைவைத்துச் சொல்வார்: "இது கூட்டுக் குடும்பங்க. பிரிக்கவே மாட்டேன்." கேட்டவர்கள் உருகிப்போவார்கள்.

காலையில் கூண்டைத் திறப்பவன் நான். உமிக்குள் உச்சந்தலை கிழிந்து கிடக்கும் குஞ்சை முதலாளி காலைப் பிடித்துத் தூக்கி, காபிச் சக்கை கொட்டும் வாளியில் போடுவார். பாத்திரம் கழுவும் தொட்டியிலேயே கையை அலம்பிக்கொண்டு, அதே கையால் விபூதி பூசி, சிரித்த முகமாய் முற்றத்துக்குப் போவார். அந்தக் கை நீட்டிய எதையும் வாங்கிச் சாப்பிட எனக்கு மனம் வந்ததில்லை.

ஒருநாள் நீலக் குஞ்சு ஒன்று தலையில் காயத்தோடு மூலையில் ஒடுங்கியிருந்தது. குஞ்சுகளுக்கே உரிய கோடுகள் அதன் நெற்றியில் மூக்குவரை இறங்கியிருந்தன. அதைத்தான் பச்சைக் கூடைக்கு மாற்றி, ஆபீஸ் அறையில் வைத்தேன். மத்தியானத்துக்குள் குச்சியில் ஏறித் தினை கொத்தியது. பிழைத்துவிடும் என்று நினைத்தேன். அப்போது பார்த்து யாரோ ஒரு அம்மாள் நீலத்தைக் காணோமே என்று கேட்டுவிட்டார். முதலாளி வந்து கொசுவலையை அவிழ்த்தார்.

"வேணாம் சார், கொன்னுடும் சார்."

"அம்மா அப்பாகிட்டயிருந்து பிரிச்சு வெக்கிறியே, பாவம் இல்ல? குடும்பத்தப் பத்தி உனக்கு இன்னாப்பா தெரியும்?"

மறுநாள் காலையில் அது பெரிய கூண்டின் உமியில் கிடந்தது. அவர் கை வாளிப் பக்கம் போவதற்குள் நானே எடுத்து, கைக்குட்டையில் சுற்றி, வேப்ப மரத்தடியில் புதைத்தேன். சாவிக்கொத்தை மேசையில் வைத்துவிட்டு வெளியேறினேன்.

போன மாதம் வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸுக்கு ஒரு வேலையாக வந்தவன், அந்த விடுதி வழியாகப் போனேன். பச்சைக் கூடை வாசலில் குடைகளைச் சுமந்துகொண்டிருந்தது. கொசுவலை கட்டிய சணல் முடிச்சு ஒன்று அதில் இன்னும் மிச்சம் இருந்தது. கூண்டில் புதுப் பானைகள், நெற்றியில் கோடு போட்ட புதுக் குஞ்சுகள். முதலாளி என்னைக் கண்டதும் ஓடி வந்து தோளில் கைபோட்டு, காபி குடித்துக்கொண்டிருந்தவர்கள் பக்கம் திருப்பினார்.

"இவரும் எங்க குடும்பந்தாங்க."

என் கை தானாக உச்சந்தலைக்குப் போனது.