4317 எழுதிய கடிதங்கள்

கண்ணாடிக்கு அடியில் அந்தக் காகிதத்தைப் பார்த்ததும் எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. அழுகை பிறகுதான். பெங்களூரில் ஓர் ஆவணக்காப்பகம். பழைய நாடகக்காரர்களும் பஜனைக் குழுக்காரர்களும் விட்டுப்போன கடிதங்களையும் பாட்டுக் கையெழுத்துப் பிரதிகளையும் அங்கே வரிசையாக வைத்திருந்தார்கள். கம்பெனி அச்சடித்த படிவம் ஒன்றின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதிய பாட்டு. மேலே தேதி இல்லை, 'பகல் ஷிப்ட் முடிஞ்சு' என்று மட்டும் இருந்தது. கீழே பெயர் இல்லை, 4317 என்ற நெம்பர் மட்டும். பக்கத்தில் ஒரு சின்ன அட்டையில், எழுதியவர் என்று என் அண்ணனுடைய பெயரை அச்சடித்திருந்தார்கள். என்னை அழைத்துப்போன அண்ணன் மகள் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "பாத்தியா அத்தை, எங்க நைனா எழுதினது" என்றாள். நான் தலையை ஆட்டினேன். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு வேறு என்ன செய்வது? என் அண்ணன் பிறந்ததிலிருந்து ஒரு வரி பாட்டு எழுதியவன் இல்லை. அதை எழுதியவர் எங்கள் சித்தப்பா.

தங்கச் சுரங்கத்தை ஒட்டிய சாம்பியன் ரீப்ஸில், தொழிலாளர்களுக்கென்று கம்பெனி வரிசையாகக் கட்டிய லைன் வீட்டில் இருந்தோம். ஒரே அறை, அதில் பாட்டியோடு சேர்த்து ஆறு பேர். சித்தப்பா நைனாவின் தம்பி, கல்யாணம் ஆகாதவர். பூமிக்கு அடியில் பாறை ஏற்றிய வண்டி தள்ளுகிற வேலை. வேலைக்குச் சேருகிற அன்றே ஒரு பித்தளை வில்லையில் நெம்பர் அடித்துக் கொடுத்துவிடுவார்கள். அதைக் காட்டினால்தான் கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஏற்றி இறக்குவார்கள், காட்டினால்தான் ஆள் மேலே வந்துவிட்டான் என்று கணக்கு. ஷாப்டுக்குள், அந்தச் சுரங்கக் குழிக்குள், பெயர் சொல்லிக் கூப்பிடுவது அபூர்வம். லைனிலும் அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டது. "இன்னா 4317, இன்னிக்கு ரெஸ்டா?" என்றுதான் எதிர் வீட்டுக்காரர் கேட்பார். சித்தப்பாவும் கூச்சமில்லாமல் திரும்பிப் பார்ப்பார்.

அவருக்குப் பாட்டு ஊற்றெடுத்து வரும். குரல் மட்டும் சகிக்காது. வாயைத் திறந்தால், "கொஞ்சம் நிறுத்துங்க, பாலு திரிஞ்சிடப் போவுது" என்று அம்மா அடுப்படியிலிருந்து சத்தம் போடுவாள். அவருக்குச் சிரிப்புதான் வரும். அதனால் சபையில் அவர் பாடியதே கிடையாது. கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்து எழுதுவார், எழுதி முடித்ததும் பங்காருபேட்டையில் இருந்த ஒரு ஹார்மோனியக்காரருக்கு அனுப்பிவிடுவார். தபாலில் போடமாட்டார். காலை ரயிலில் அந்தப் பக்கம் போகிற ஆள் யாராவது இடுப்பில் செருகிக்கொண்டு போவார். ஹார்மோனியக்காரர் மெட்டுக் கட்டித் தன் குழுவைப் பாட வைப்பார். புத்தர் பிறந்த நாளன்று எங்கள் பௌத்த சங்கத்து மண்டபத்துக்கு அந்தக் குழு வந்து பாடும்போது, சித்தப்பா கடைசி வரிசையில் சுவரோடு சுவராக நின்று கேட்டுக்கொண்டிருப்பார். பக்கத்தில் நிற்பவனுக்குக்கூட அது அவர் பாட்டு என்று தெரியாது.

ஸ்வரம் எழுத அவருக்குத் தெரியாது. தெரிந்த பாஷையில் எழுதுவார். 'இந்த வரியைக் கேஜ் எறங்குற வேகத்துல பாடணும்.' 'இங்க மணி அடிக்கிறாப்பல மூணு தட்டு, அப்புறம் சும்மா இருக்கணும்.' கண்ணாடிக்கு அடியில் இருந்த காகிதத்திலும் ஓரத்தில் அப்படி ஒரு குறிப்பு இருந்தது. பாட்டு எனக்கு மனப்பாடம்.

மேல இருக்கிற சூரியனே, எனக்கொரு பங்கு எடுத்து வை
மாலைச் சங்கு ஊதும்வரை மறந்திடாம காத்து வை

கையெழுத்துப் போடுகிற இடத்தில் நெம்பரைத்தான் போடுவார். சில பாட்டில் ஆபீஸ்காரர்களைக் கிண்டல் பண்ணியிருப்பார், பெயர் போட்டால் வம்பு. ஆனால் கிண்டலே இல்லாத பாட்டிலும் நெம்பர்தான். பேர் போடலாமே என்று ஒருமுறை கேட்டேன். "ஹார்மோனியக்காரருக்குத் தெரியும்மா, போதும்" என்றார். அந்த 'போதும்' என்ற சொல்லின் மேல் எனக்கு இன்றுவரை ஆத்திரம் தீரவில்லை.

எனக்குப் பதினான்கு வயது. ஒரு மத்தியானம் பூமி குலுங்கியது. எங்கள் ஊரில் அது புதிதல்ல, ஏர் பிளாஸ்ட் என்பார்கள். கீழே பாறை வெடித்தால் மேலே சட்டி பானை உருளும். அன்று குலுங்கியதில் சுவரில் மாட்டியிருந்த படம் கீழே விழுந்தது. அம்மா ஈரக் கையோடு ஷாப்டுக்கு ஓடினாள், நான் அவள் பின்னால் ஓடினேன். வாசலில் லைன் பெண்கள் அத்தனை பேரும் நின்றார்கள். வெகுநேரம் கழித்து ஒரு ஆபீஸ்காரர் வெளியே வந்து காகிதத்தைப் பார்த்துப் படித்தார். பெயர் படிக்கவில்லை, நெம்பர் படித்தார். மூன்றாவதாக அந்த நெம்பர் வந்ததும் அம்மா மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். "பால் திரிஞ்சிடும்னு சொன்னேனே, பாவி நான்" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

செத்தவர் வீட்டில் ஒருவருக்கு வேலை கொடுப்பார்கள். நைனா ஏற்கெனவே சுரங்கத்தில் இருந்தார். மிச்சம் அண்ணன்தான். பத்தொன்பது வயது, எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் பண்ணிவிட்டு, பெங்களூரில் மெக்கானிக் வேலைக்குப் போகப் பிடிவாதமாக இருந்தான். "மூணு வயிறுக்கு இன்னாடா வழி?" என்று நைனா கேட்டார். அந்த மூன்று வயிற்றில் ஒன்று என்னுடையது. அவன் சரி என்றான். சித்தப்பாவின் வில்லை சிதையாமல் கிடைத்திருந்தது. அதையே அவன் கையில் கொடுத்தார்கள். நெம்பர் காலியாகக் கிடக்கக் கூடாது என்பது அங்கே வழக்கம். ஆபீஸ் புத்தகத்தில் பழைய பெயரை அடித்து மேலே புதுப் பெயர் எழுதுவார்கள், அவ்வளவுதான். அவன் கீழே இறங்கினான், நான் டீச்சர் டிரெய்னிங் படித்தேன். இரண்டும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை என்று நான் எத்தனையோ வருடம் என்னையே ஏமாற்றிக்கொண்டிருந்தேன்.

காப்பகத்திலிருந்து திரும்பியதும் நேராக அண்ணியிடம் போனேன். அண்ணன் போய் அப்போதே பல வருடங்கள் ஆகியிருந்தன. அண்ணி பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். அண்ணன் கடைசி வருடத்தில், மூச்சு வாங்கிக்கொண்டு கட்டிலில் கிடந்தபோது, இரண்டு பேர் அந்த நெம்பரைத் தேடிக்கொண்டு வந்தார்களாம். ஹார்மோனியக்காரர் வீட்டுப் பெட்டியில் கடிதங்கள் கிடைத்திருக்கின்றன. ஆபீஸ் புத்தகத்தில் அந்த நெம்பருக்கு நேரே இருந்தது அண்ணன் பெயர். "இந்த நெம்பர் உங்களுதான்னு கேட்டாங்க. ஆமான்னாரு. அப்புறம் பாட்டைப் பத்திக் கேட்டாங்க. அவரு பேசல, சும்மா கண்ணை மூடிக்கினாரு. போட்டோ புடிச்சிக்கினு போயிட்டாங்க."

"தப்பு அண்ணி. நான் எழுதிப் போட்டு மாத்தச் சொல்லப்போறேன். சித்தப்பா பாட்டு அது" என்றேன். என் குரல் உயர்ந்துவிட்டது, பள்ளிக்கூடத்துக் குரல்.

அண்ணி கோபப்படவில்லை. பூண்டை முறத்தில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "எழுதேன், வேணாங்கல. ஆனா ஒண்ணு கேக்கறேன். அந்த நெம்பரை அந்தப் புள்ள கையில குடுத்தப்போ வேணாம்னு ஒருத்தராவது சொன்னீங்களா? அந்தத் தூசை நெஞ்சுல வாங்கிக்கினு எத்தினி வருஷம் இருமினாரு, நீதான் பாத்தியே. நெம்பரோட இருமல் மட்டும் அவருக்கு, பாட்டு மட்டும் சித்தப்பாவுக்கா? என் பொண்ணு ஆபீஸ்ல எல்லாருக்கும் காட்டிக்கினு கீறா. எங்க நைனான்னு. நீ போயி இல்லன்னு சொல்லிடு."

ஐம்பது பிள்ளைகளை ஒரே அதட்டலில் அடக்கியவள் நான். பூண்டுத் தோலைக் கையால் ஒதுக்கிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அண்ணி எழுந்து போய் எனக்குக் காபி போட்டுக் கொண்டுவந்து கொடுத்தாள்.

காப்பகத்துக்கு ஒரு கடிதம் எழுதி மூன்று முறை கிழித்தேன். நான்காவதாக எழுதியது பீரோவில் கிடக்கிறது. அனுப்பினால் அண்ணன் பொய்யன் ஆகிறான், அவன் மகள் தலைகுனிகிறாள். அனுப்பாவிட்டால், ஒரு மனிதர் உயிரைக் கொடுத்து எழுதியதில் அவருக்கென்று ஒரு எழுத்துகூட இல்லாமல் போகிறது. இரண்டு பேருமே கீழே போனவர்கள். ஒருவருக்கு நியாயம் செய்ய இன்னொருவரிடமிருந்துதான் பிடுங்க வேண்டியிருக்கிறது.

இந்தக் குறிப்பிலாவது சித்தப்பாவின் பெயரை எழுதிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். அண்ணன் மகள் நான் எழுதுவதை ஒன்றுவிடாமல் படிப்பாள். இத்தனை எழுதியும் அந்தப் பெயர் வரும் இடத்துக்கெல்லாம் என் கை நின்று, சித்தப்பா என்றே எழுதிக்கொண்டு வந்துவிட்டது. இதையும் பீரோவில்தான் வைக்கப்போகிறேன் என்று நினைக்கிறேன். அந்தப் பெயர் தெரிந்தவர்கள் இப்போது உயிரோடு இரண்டே பேர். எனக்கு எழுபத்தாறு ஆகிறது, அண்ணிக்கு எண்பது.