வலிக்காத பல்

நாற்பத்தொரு வயதில் நான் மறுபடியும் மாணவியானேன். அதற்குள் கோவில்பட்டி பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், ஒரு மருந்துக் கடை மாடியில், பல் டாக்டராகப் பதினாறு வருடம் ஓட்டியிருந்தேன். மாடியேறி வருகிறவர்களில் பாதிப் பேர் நாற்காலியில் உட்காருவதற்கு முன்னாலேயே சொல்லிவிடுவார்கள்: "புடுங்கிருங்க டாக்டரம்மா." தீக்குச்சி அடுக்குகிற தீப்பெட்டி ஆபீஸில் ஒரு நாள் லீவு சொல்லிவிட்டு வந்திருப்பார்கள். மறுபடி வர முடியாது. நானும் பிடுங்கிவிடுவேன். காப்பாற்றியிருக்கக்கூடிய பல் என்று தெரிந்தும் பிடுங்கியிருக்கிறேன். ஒரு கட்டத்தில், காலையில் கிளினிக் கதவைத் திறக்கும்போதே மனசுக்குள் ஒரு கனம் வந்து உட்கார ஆரம்பித்தது.

அந்தச் சமயத்தில்தான் மதுரையில் ஒரு படிப்பு இருப்பதாகத் தெரிந்தது. சொத்தையைச் சுத்தம் செய்து பல்லை அடைத்துக் காப்பாற்றும் பிரிவில், தொழிலில் இருக்கிற டாக்டர்களுக்கான இரண்டு வருடப் பகுதிநேர மேற்படிப்பு. மாதம் ஒருமுறை வெள்ளி, சனி, ஞாயிறு வகுப்பு. மற்ற நாட்களில் அவரவர் கிளினிக்கில் செய்கிற வேலையைப் படமெடுத்து, குறிப்பு எழுதி, ஒரு கோப்பாகச் சேர்த்துக் கடைசியில் தேர்வுக்குக் கொண்டுபோக வேண்டும்.

"இனிமே படிச்சு என்ன செய்யப் போற?" என்றார் கணவர். கேலியாக இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். மறுநாளே பணம் கட்டிவிட்டேன்.

முதல் நாள் வகுப்பில் எங்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு பொம்மைத் தலை கொடுத்தார்கள். இரும்புக் கம்பியில் பொருத்திய முகம், ரப்பர் கன்னம், பிளாஸ்டிக் பல். அதில் குழி எடுத்து அடைக்க வேண்டும். வகுப்பில் நாங்கள் பதினான்கு பேர், எல்லாரும் சின்ன ஊர்களில் கிளினிக் வைத்திருப்பவர்கள். எங்களுக்குப் பாடம் எடுத்தவர் என்னைவிட எட்டு வயது இளையவர். என் பின்னால் வந்து நின்று கொஞ்ச நேரம் பார்த்தார்.

"மேடம், யாரு உங்கள விரட்டுறா?" என்றார்.

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"இல்ல, இவ்வளவு வேகமா பண்றீங்களே. வெளிய யாரும் காத்துக்கிட்டு இல்ல."

அவர் சொன்ன பிறகுதான் என் கை எவ்வளவு அவசரமாக ஓடுகிறது என்பதே எனக்கு உறைத்தது. பதினாறு வருடமும் வெளியே யாராவது காத்துக்கொண்டுதான் இருந்தார்கள். பெருக்கிக் காட்டும் லென்ஸ் வைத்த கண்ணாடியை மாட்டிவிட்டு, நான் அடைத்த பிளாஸ்டிக் பல்லை என்னையே பார்க்கச் சொன்னார். வெறும் கண்ணுக்கு நன்றாக இருந்த அடைப்பின் ஓரமெல்லாம் இடைவெளியாகத் தெரிந்தது. பக்கத்துப் பல்லிலும் என் கருவி கீறியிருந்தது. பொம்மை என்பதால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் அன்று மாலை ஊர் திரும்பும் பஸ்ஸில், அதே கையால் நான் அடைத்த நிஜப் பற்களைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டு வந்தேன்.

ஆறாவது மாதம் ஒரு வீட்டுப்பாடம் வந்தது. குறைந்தது ஐந்து வருடத்துக்கு முன்னால் நாங்களே போட்ட அடைப்புகளில் பத்தை மறுபடி சோதித்து, எக்ஸ்ரே எடுத்து, உள்ளதை உள்ளபடி எழுதிவர வேண்டும். பழைய நோட்டுகளை எடுத்துவைத்துக்கொண்டு ஒவ்வொருவருக்காகப் போன் செய்தேன். பாதி நம்பர்கள் உபயோகத்தில் இல்லை. "நல்லாத்தான இருக்கு, எதுக்கு வரணும்?" என்று சிலர் வைத்துவிட்டார்கள். எப்படியோ பத்துப் பேர் வந்து சேர்ந்தார்கள். எக்ஸ்ரேக்களை வரிசையாக வைத்துப் பார்த்தபோது, மூன்று மட்டும்தான் நான் தலைநிமிர்ந்து காட்டக்கூடியவை.

அந்தப் பத்துப் பேரில் ஒருவர் தையல்கார அக்கா. பிறந்தது இடைசெவல் பக்கம். வாழ்க்கைப்பட்டது புதியம்புத்தூரில். அங்கே ரெடிமேட் சட்டை தைக்கும் யூனிட் ஒன்றில் காலர் வைக்கிற வேலை. நூலைக் கடித்துக் கடித்து முன்பற்கள் இரண்டிலும் ரம்பத்தால் அறுத்த மாதிரி பள்ளம் விழுந்து, பத்து வருடத்துக்கு முன்னால் அம்மா வீட்டுக்கு வந்த இடத்தில் என்னிடம் வந்தார். பள்ளங்களை அடைத்தேன். அன்றைக்கே கீழ்க் கடைவாயில் ஒரு சொத்தையையும் பார்த்தேன். அவர் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்றார். வெளியே பெஞ்சு நிறைய ஆள். எச்சில் ஊறிக்கொண்டே இருந்தது. நான் பஞ்சை வைத்து ஒத்திவிட்டு அடைத்து அனுப்பினேன். எப்படி அடைத்தேன் என்பது எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது.

இப்போது எக்ஸ்ரேயில் அந்த அடைப்புக்குக் கீழே ஒரு கறுப்பு நிழல், நரம்புக்கு மிக அருகில் வரை இறங்கியிருந்தது.

"அக்கா, இது நான் சரியா அடைக்கல. உள்ளுக்குள்ள சொத்தை இருக்கு" என்றேன்.

அவர் எக்ஸ்ரேயைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். "இத்தன வருசமா வலிக்கவே இல்லியே."

"இனிமே வலிக்கலாம். பழச எடுத்துட்டுச் சுத்தம் பண்ணி, புதுசா அடைக்கணும்."

"வலிக்காத பல்ல எதுக்கு டாக்டரம்மா நோண்டணும்?"

விட்டுவைத்தால் சொத்தை நரம்பைத் தொட்டுவிடும் என்று விளக்கினேன். அது உண்மைதான். எந்தப் பாடப்புத்தகமும் அதைத்தான் சொல்லும். ஆனால் எனக்கு இன்னொன்றும் தெரிந்திருந்தது. என் கோப்பில் ஆழமான சொத்தை ஒன்றுகூட இல்லை. அப்படி ஒன்றைக் கட்டாயம் காட்ட வேண்டும் என்று விதி. நாலைந்து மாதமாகத் தேடியும் கிடைத்தவரெல்லாம் பிடுங்கச் சொல்லிவிட்டுப் போனார்கள். இந்த நிழலைப் பார்த்ததும் முதலில் எனக்கு வந்தது வருத்தமா, அல்லது அப்பாடா என்ற நிம்மதியா? இரண்டும் சேர்ந்தே வந்தன என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

படிப்புக்காகப் படம் எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லி ஒப்புதல் தாளை நீட்டினேன். அவர் படிக்கவில்லை. "நீங்க சொன்னாச் சரி" என்று கையெழுத்துப் போட்டார்.

அடுத்த வாரம் வந்தார். எச்சில் படாமலிருக்கப் பல்லைச் சுற்றி ரப்பர் திரையை மாட்டியபோது பயந்துபோய் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். அன்று வேறு யாருக்கும் நேரம் கொடுக்காமல் வைத்திருந்தேன். பழைய அடைப்பை எடுத்தேன். தொடங்கும் முன் குளிர்ச்சி வைத்துச் சோதித்ததில் நரம்பு நன்றாகத்தான் இருந்தது. சொத்தையை ஓரங்களில் முழுக்கச் சுரண்டி, நரம்புக்கு மேலே மட்டும் ஒரு மெல்லிய படலத்தை விட்டேன். அதைத் தோண்டினால் நரம்பு திறந்துவிடும், விட்டுவைத்து நன்றாக மூடினால் பல் தானாகத் தேறிக்கொள்ளும் என்பது அங்கே கற்றுக்கொண்டது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அடைத்து, பல்லின் மேடுகளையும் பள்ளங்களையும் செதுக்கினேன். ஒவ்வொரு கட்டத்திலும் நிறுத்திப் படமெடுத்தேன். இரண்டரை மணி நேரம் ஆயிற்று. அவர் எழுந்து தாடையைப் பிடித்துக்கொண்டு, "பஸ்ஸு போயிருக்கும்" என்றார்.

அடுத்த வகுப்பில் அந்தப் படங்களைத் திரையில் போட்டேன். எட்டு வயது இளைய என் ஆசிரியர் கடைசிப் படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, "இது ரொம்ப நல்லா வந்திருக்கு மேடம். ஆறு மாசம் கழிச்சு ஒரு படம் எடுத்துக் கோப்புல வச்சிருங்க" என்றார். பதினாறு வருடத்தில் என் வேலையை யாரும் அப்படிப் பார்த்ததில்லை. அன்று சாப்பாட்டு நேரத்தில்கூட அந்தப் படத்தைப் போனில் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்று வாரம் கழித்து அக்கா போன் செய்தார். பச்சைத் தண்ணீர் பட்டால் கூசுகிறதாம். "ஒரு வாரம் பாருங்கக்கா, அடங்கிரும்" என்றேன். பெரும்பாலும் அடங்கத்தான் செய்யும். ஒரு வாரம் கழித்து நானே கூப்பிட்டுக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

தீபாவளிக்கு முந்தைய மாதம், மதுரை வகுப்பில் இருந்தபோது அவரிடமிருந்து இரண்டு அழைப்புகள் வந்திருந்தன. போன் பையில் இருந்தது, நான் பொம்மைத் தலையில் வேலை செய்துகொண்டிருந்தேன். சாயங்காலம் திருப்பிக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. நாளைக்குப் பேசிக்கொள்ளலாம் என்று வைத்தேன். அந்த நாளை வரவேயில்லை. கிளினிக், வீடு, அடுத்த வீட்டுப்பாடம் என்று நாட்கள் போய்விட்டன. மறந்துவிட்டேன் என்பதைத் தவிர வேறு காரணம் என்னிடம் இல்லை.

ஆறு மாதப் படத்துக்காகத்தான் மறுபடி அவரை அழைத்தேன்.

"அந்தப் பல்ல எடுத்தாச்சே டாக்டரம்மா" என்றார் சாதாரணமாக.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஓட்டப்பிடாரம் வழியாகப் புதியம்புத்தூர் போகிற பஸ்ஸில் ஏறினேன். எதற்காகப் போகிறேன் என்று வீட்டில் சொல்லவில்லை. வழியெல்லாம் உளுந்து எடுத்த கரிசல் காடு வெடித்துக் கிடந்தது. ஏதோ ஆர்டருக்காக ஞாயிறும் யூனிட் ஓடிக்கொண்டிருந்தது. தகரக் கூரைக்குக் கீழே மெஷின் சத்தத்தில் பக்கத்தில் பேசுவதே கேட்காது. அக்கா என்னைப் பார்த்துத் திகைத்துப்போய் எழுந்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு, யாரையோ விட்டு டீ வாங்கி வரச் சொன்னார்.

"வலி வந்துச்சாக்கா?"

"வந்துச்சு. மூணு நாளு தல வச்சுப் படுக்க முடியல. உங்களுக்குப் போன் அடிச்சேன். நீங்க சோலியா இருந்திருப்பீய." குரலில் குறை சொல்கிற மாதிரி எதுவும் இல்லை. "பண்டிகைச் சரக்கு ஓடிக்கிட்டு இருக்கு, லீவு தரமாட்டாவ. கோவில்பட்டிக்கு வந்து போக ஒரு நாளு ஆயிரும்லா. தூத்துக்குடிக்குப் போனேன். வேருக்கு வைத்தியம் பாத்தா பல்லு நிக்கும், ஆனா நாலு தடவ வரணும்னாவ. என்னால முடியுமா? புடுங்கிருங்கன்னுட்டேன். மறுநாளு வேலைக்கு வந்துட்டேன்."

நான் திருப்பிக் கூப்பிட்டபோது ஏன் எடுக்கவில்லை என்று கேட்க நினைத்தேன். அந்தச் சத்தத்தில் எப்படிக் கேட்டிருக்கும்? கேட்காமல் விட்டேன்.

வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். ஈறு ஆறி மூடியிருந்தது. அந்தப் பக்கம் மெல்லாததால் பக்கத்துப் பற்களில் காரை படிந்திருந்தது. பல் போனதையும் ஆறு மாத முடிவாகப் பதிவு செய்யத்தானே வேண்டும் என்ற எண்ணத்தில், என்னை அறியாமலே கைப்பையிலிருந்து கேமராவை எடுத்தேன்.

அவர் வாயை மூடிக்கொண்டார்.

"வேண்டாம் டாக்டரம்மா. இத என்னத்துக்குப் படம் எடுக்க?"

என்னிடம் அவர் வேண்டாம் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. கேமராவை உள்ளே வைத்தேன். "என்னை மன்னிச்சிருங்கக்கா. மறுநாளாவது நான் உங்களத் திரும்பக் கூப்பிட்டிருக்கணும்" என்றேன். மெஷின் சத்தத்தில் அவருக்குக் கேட்டதா என்று தெரியவில்லை. "டீ ஆறிப்போகுது" என்றார். அதற்குள் மேற்பார்வையாளர் இந்தப் பக்கம் பார்க்கவே, அவர் மெஷினுக்குப் போய்விட்டார்.

கோப்பில் அந்தப் பக்கத்தில் உள்ளதை எழுதினேன்: பல் வேறிடத்தில் பிடுங்கப்பட்டது, படம் எடுக்க நோயாளி சம்மதிக்கவில்லை. ஆசிரியர் படித்துவிட்டு ஆறுதலாகச் சொன்னார்: "இதெல்லாம் நடக்கும் மேடம். இவ்வளவு ஆழமான சொத்தையில சிலது தோத்துப்போகும். உங்க வேலையில தப்பே இல்ல."

என் வேலையில் தப்பில்லாமல் இருந்திருக்கலாம். அந்த இரண்டு அழைப்புகளைப் பற்றி நான் அவரிடம் சொல்லவில்லை. வாய்மொழித் தேர்விலும் அந்தப் பக்கத்தைத்தான் திறந்தார்கள். மறுபடி இதே பல் வந்தால் என்ன மாற்றிச் செய்வீர்கள் என்று கேட்டார்கள். முதலில் தற்காலிகமாக அடைத்து, சில வாரம் பொறுத்துப் பார்ப்பேன் என்றேன். அவர்கள் எதிர்பார்த்த பதில் அதுதான். தலையசைத்தார்கள். தேர்ச்சி பெற்றேன்.

சான்றிதழை வீட்டில் சட்டம் போட்டு வைக்கச் சொன்னார்கள். அது இன்னும் உறையோடு பீரோவில் இருக்கிறது. கிளினிக்கில் இப்போது மெதுவாகத்தான் வேலை செய்கிறேன். ஒரு நாளைக்கு முன்பு பார்த்ததில் பாதிப் பேரைத்தான் பார்க்க முடிகிறது. "அந்தம்மாட்ட போனா அரை நாளு போயிரும்" என்று பேச்சு வந்துவிட்டதாக நர்ஸ் சொன்னாள். பழைய ஆட்கள் சிலர் வேறு இடத்துக்குப் போகிறார்கள். அக்கா வரவில்லை. அவருடைய அம்மா ஒருமுறை செட்டுப் பல்லைச் சரிசெய்ய வந்தார். மகளைப் பற்றிக் கேட்டேன். "நல்லாருக்கா" என்பதோடு நிறுத்திக்கொண்டார்.

போன மாதம் விளாத்திகுளத்திலிருந்து மிளகாய் விவசாயி ஒருவர் வந்தார். மேல் பல்லில் வலி. அதற்காக எடுத்த எக்ஸ்ரேயின் கீழ் ஓரத்தில், எப்போதோ யாரோ அடைத்த வேறொரு பல்லுக்கு அடியில், அதே மாதிரி நிழல். அதில் வலி இல்லை என்றார். மேல் பல்லுக்கு வைத்தியம் பார்த்துவிட்டு, நிழலைக் காட்டி, தொட்டால் என்ன ஆகலாம், தொடாமல் விட்டால் என்ன ஆகலாம் என்று இரண்டையும் சொன்னேன்.

"நீங்க என்ன சொல்லுதீய?" என்று கேட்டார்.

படித்ததெல்லாம் ஞாபகம் இருந்தது. ஆனாலும் நான் சொல்லப்போவது அந்தப் பல்லுக்கான பதிலா, அக்காவின் பல்லை நினைத்துச் சொல்கிற பதிலா என்று எனக்கே நிச்சயமில்லை.

"காய் பறிச்சு முடிச்சதும் வாங்க அண்ணாச்சி. நாலஞ்சு தடவ வந்து போற மாதிரி நேரம் வச்சுக்கிட்டு வாங்க. அப்ப பாப்போம்" என்றேன். அவருடைய நம்பரை வாங்கிப் போனில் பதிந்துகொண்டேன். இதுவரை இரண்டு முறை கூப்பிட்டுவிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருக்கிறது, எடுக்கவில்லை.