இரண்டு பழைய கேஸ்கட்டும் ஒரு புதுசும்

என் மனைவிக்கு முதல் பிள்ளை வயிற்றைக் கீறித்தான் பிறந்தது. இரண்டாவதும் அப்படித்தான் ஆகும், வலி தொடங்கியதும் தாமதிக்காமல் கொண்டுவாருங்கள் என்று கிளினிக்கில் சொல்லிவிட்டார்கள். சத்திரசிகிச்சை செய்யும் ஆஸ்பத்திரி மாங்குளத்துக்கும் அப்பால் இருந்தது. நாங்கள் இருந்தது புதுக்குடியிருப்பில். என்னிடம் ஒரு பழைய ஏ-ஃபோட்டி கார் இருந்தபடியால் நான் அதிகம் கவலைப்படவில்லை. எட்டாம் மாதம் நடக்கும்போது அந்தக் காரின் ஹெட் கேஸ்கட் எரிந்தது.

எஞ்சினின் தலைக்கும் உடம்புக்கும் நடுவே நசிந்து கிடக்கும் செப்புத் தகடுதான் கேஸ்கட். அது விட்டால் தண்ணீர் சிலிண்டருக்குள் இறங்கும், கார் கொதித்து நிற்கும். யுத்தத்தால் வன்னிக்குள் சாமான்கள் கொண்டுவர அரசாங்கத்தின் தடை இருந்த காலம் அது. வன்னிக்குள் பெற்றோலைக் கண்ணால் காண்பதே அரிது. ஸ்டார்ட் பண்ணச் சில சொட்டுப் பெற்றோல், பிறகு மண்ணெண்ணெய் என்று ஓடினோம். மண்ணெண்ணெய்க்கு எஞ்சினின் இறுக்கம் ஒத்துவராது, உள்ளே சுத்தியலால் அடிப்பதுபோல இடிக்கும். ஆகவே ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு கேஸ்கட் போட்டுத் தலையைக் கொஞ்சம் உயர்த்தி அந்த இறுக்கத்தைக் குறைத்துவிடுவோம். அந்தக் காரைச் செய்த வெள்ளைக்காரன் கண்டிருந்தால் மயங்கி விழுந்திருப்பான். எங்களுக்கு ஓடினால் போதும்.

மெக்கானிக்கின் மேசையில் மூன்று கேஸ்கட் கிடந்தன. இரண்டு பழசு. மற்றது புத்தம் புதுசு. மனைவியின் அக்கா அதை இரண்டு பாய்களுக்கு நடுவே வைத்துத் தைத்து, வவுனியாச் சோதனைச் சாவடியைத் தாண்டிக் கொண்டுவந்திருந்தா. கார்ச் சாமான்களுக்கும் தடைதான்; பிடிபட்டிருந்தால் அவாவின் கதி என்ன என்று நினைக்கவே எனக்குப் பயம். தங்கச்சியின் வயிற்றை நினைத்துத்தான் அவா அந்தத் துணிச்சலுக்குப் போனா.

மெக்கானிக் பழசுகளை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்து ஓட்டை இருக்கிறதா என்று பார்த்தார்.

"அண்ணை, புதுசைக் கீழ போடுவம். பழசில நல்லதை மேல போடுவம். ரெண்டும் பழசெண்டால் நான் பொறுப்பில்லை."

"புதுசு ஒருக்கா நசிஞ்சால் பிறகு அதுவும் பழசுதானே?"

"ஓம், ஒருக்காத்தான் நசியும்."

அந்தச் சொல் எனக்குள் கொழுவிக்கொண்டது. பிள்ளைக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது. அதுவரை காரை வாடகைக்கு ஹயர் ஓடித்தான் சாப்பிட வேண்டும். கண்ட கண்ட ஆட்களை ஏற்றிக் குண்டும் குழியுமாக ஓடிப் புதுசையும் எரித்துவிட்டால், அவளை எதில் கொண்டுபோவது? இப்போதைக்குப் பழசு இரண்டும் போதும், நாள் நெருங்கும்போது புதுசு என்று முடிவெடுத்தேன். நல்ல சேலையை அலுமாரியில் வைத்துவிட்டுக் கிழிசலோடு திரிகிற புத்திதான், வேறென்ன. மெக்கானிக் பழசுகளை நெருப்பில் சிவக்கக் காய்ச்சி, தண்ணீரில் தோய்த்து இளக்கி, சில்வர் பெயின்ற் பூசிப் பூட்டினார். 

வீட்டுக்கு வந்தபோது மனைவி குசினிக்குள் இருந்து, "புதுசு போட்டாச்சோ?" என்று கேட்டாள்.

"ஓம்" என்றேன். அவள் பயப்படக்கூடாது என்று எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன். புதுசைப் பேப்பரில் சுற்றி அலுமாரியின் அடித்தட்டில் வைத்தேன்.

பிள்ளை என் கணக்கைப் பார்க்கவில்லை. பதினோராம் நாள் மத்தியானம் வலி தொடங்கியது. பக்கத்து வீட்டு அக்காவையும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டோம். ஒட்டுசுட்டான் சந்தியை நெருங்கும்போது எஞ்சினை மூடும் பொனற்றின் இடுக்கால் ஆவி வந்தது.  சந்தியில் நிறுத்தி, கொண்டுவந்த தண்ணீரை ஊற்றினேன்.  எதிரே பெட்டி கொழுவிய உழவு மெசின், டிராக்டர்தான், ஒன்று மாங்குளப் பக்கம் பார்த்தபடி நின்றது.

மனைவி அதைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"இஞ்சருங்கோ, புதுசுதானே போட்டனீங்கள்?"

"ஓம். பயப்பிடாதையும்."

ஆபத்துக்குப் பாவமில்லை என்று சொல்வார்கள். உழவு மெசின் புறப்பட்டுப் போனது.

அதன் பிறகு இரண்டு பக்கமும் காடு. இரண்டு தரம் கொதித்து நின்றது. கடைசித் தரம் மதகடியில் இறங்கிச் சேற்றுத் தண்ணீர் அள்ளினேன். நடுக்காட்டில் அவள் செத்துப்போவாள், நான்தான் கொன்றவன் என்று நினைத்து நினைத்தே காரை ஓட்டினேன். பக்கத்து வீட்டு அக்கா பிள்ளையாரைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தா. அவள் மட்டும் சந்திக்குப் பிறகு ஒரு சத்தமும் போடவில்லை. என்ன நெஞ்சுரம் என்று வியந்தேன். நாலில் மூன்று சிலிண்டரில் இருமி இருமி ஆஸ்பத்திரி வாசலுக்குப் போய்ச் சேர்ந்தோம். தாயும் பிள்ளையும் தப்பினார்கள்.

வீட்டுக்கு வந்து சில நாட்களின் பின், பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே சொன்னாள்.

"வலி வந்த அண்டைக்குக் காலமை, பிள்ளைக்குப் பழந்துணி எடுக்கேக்க அலுமாரியில புதுசைக் கண்டனான்."

"பிறகேன் என்னட்டக் கேட்டனீர்?"

"உழவு மெசின் நிண்டது. உண்மையைச் சொன்னியளெண்டால் அதில மாறி ஏறுவம் எண்டு கேட்டனான்." பிள்ளையின் தலையை மற்றக் கைக்கு மாற்றினாள். "ஓம் எண்டியள். கார் நிண்டுபோகும் எண்டு நான் பிறகு பயப்பிடேல்லை. ஆரோட போறன் எண்டுதான் பயந்துகொண்டு வந்தனான்."