கிராணி காரின் ரேடியோ

பழைய கார் ரேடியோவைப் போட்டதும் பாட்டு வந்துவிடாது. முதலில் உள்ளே இருக்கும் வால்வுகள் சூடேற வேண்டும். அவை சூடேறும்போது மேலே படிந்திருக்கும் தூசி கருகி, இஸ்திரிப் பெட்டிக்கு அடியில் ஈரத்துணி பட்டாற்போல ஒரு வாசனை கிளம்பும், கூடவே தகர டப்பாவுக்குள் வண்டு சுற்றுவதைப் போல ஓர் உறுமல் கேட்கும், அதற்குப் பிறகுதான் மெல்ல மெல்லப் பாட்டு வரும். இந்த வாசனையை நான் காருக்கு வெளியே நின்று, ஜன்னல் வழியாக மூக்கை நீட்டித்தான் பிடித்திருக்கிறேன். உள்ளே உட்கார்ந்து பிடித்தவன் செல்வம். அந்த வித்தியாசத்தை நான் இன்றுவரை மறக்கவில்லை. மறக்கிற உத்தேசமும் இல்லை.

மலேசியாவில், லிங்கி பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் எங்கள் குடும்பம் இருந்தது. தோட்டத்து ஆபீசில் துரைக்கு அடுத்தபடியாக அதிகாரம் செய்தவர் பெரிய கிராணி, அதாவது தலைமைக் கணக்கர். அவரிடம் வெண்ணெய் நிறத்தில் மைனர் ரகச் சின்னக் கார் ஒன்று இருந்தது. துரையின் ஜீப்பில்கூட ரேடியோ கிடையாது. கிராணியின் காரில் இருந்தது. அந்தக் காரை ஓட்டியவர் செல்வத்தின் அப்பா. தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்தில் எங்களுக்கு அடுத்த வீடு. நாங்கள் எல்லோரும் அவரை ‘டிரைவர் மாமா’ என்றுதான் கூப்பிடுவோம்.

ஒரு பெரிய பள்ளி விடுமுறையின்போது கிராணி குடும்பத்தோடு ‘ஊருக்கு’ப் போனார். எங்கள் தோட்டத்தில் ‘ஊர்’ என்றால் இந்தியா, வேறு அர்த்தமே கிடையாது. போகும்போது கார்ச் சாவியை டிரைவர் மாமாவிடம் கொடுத்து, தினமும் சாயங்காலம் இஞ்சினை ஓடவிட வேண்டும், இல்லாவிட்டால் பேட்டரி செத்து ‘கோங்’ ஆகிவிடும் என்று சொல்லிவிட்டுப் போனார். இஞ்சினை ஓடவிடச் சொன்னாரே தவிர, ரேடியோவைப் போடச் சொன்னாரா என்பது எனக்குத் தெரியாது. டிரைவர் மாமா போட்டார். சாயங்கால வெயில் ரப்பர் மரங்களுக்குப் பின்னால் இறங்கும் நேரத்தில் கார் லயத்து வாசலுக்கு வந்து நிற்கும், நான்கு ஜன்னல் கண்ணாடிகளும் இறங்கும், பொம்பளைகள் தலையைத் துவட்டிக்கொண்டும் பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டும் வந்து சுற்றி நிற்பார்கள், கோலாலம்பூரிலிருந்து வரும் சினிமாப் பாட்டு எங்கள் லயத்து மண்ணில் வந்து இறங்கும்.

அந்த நேரத்தில் முன் சீட்டில், ரேடியோவுக்கு நேர் எதிரே, முழங்கையை ஜன்னலில் ஊன்றிக்கொண்டு செல்வம் உட்கார்ந்திருப்பான். எனக்கும் அவனுக்கும் ஒரே வயது, ஒரே வகுப்பு, கணக்கில் அவன் என்னைவிட மக்கு. ஆனால் அந்த சீட்டில் உட்கார்ந்ததும் துரை மாதிரி ஆகிவிடுவான். பின் சீட்டில், வேலையாட்களை மேய்க்கும் மண்டோரின் மகள்கள் இருவரும் ஏறிக்கொள்வார்கள், கோயில் பண்டாரத்தின் பேரன் ஏறிக்கொள்வான், எந்த நேரமும் மூக்கு ஒழுகும் ஒரு பொடியன்கூட ஏறிக்கொள்வான். நான் கதவில் கை வைத்தால் மட்டும் டிரைவர் மாமா திரும்பிப் பார்ப்பார்.

“டேய் மணி, ஒட்டுப்பால் வாட அடிக்குது. கிராணி சீட்டுல ஏறிடுச்சின்னா போவாதுலா. நீ வெளிய நின்னே கேளு.”

மரத்திலும் பால் வடியும் மங்குக் கிண்ணத்திலும் காய்ந்து ஒட்டிக்கொண்டிருக்கும் பாலைச் சுரண்டி மூட்டை கட்டும் வேலை என் அப்பாவுக்கு. அந்த ஒட்டுப்பாலின் நாற்றம் எங்கள் வீட்டுப் பாயில், தலையணையில், என் பள்ளிச் சட்டையில்கூட இருந்தது. அம்மா கட்டிச் சவுக்காரம் போட்டு அடித்துத் துவைத்தாலும் போகாது. டிரைவர் மாமா கெட்ட மனிதர் இல்லை, உள்ளதைத்தான் சொன்னார். உள்ளதைச் சொன்னதால் எரிச்சல் குறைந்துவிடுமா என்ன? நான் ஜன்னலுக்கு வெளியே நின்று செல்வத்தின் காதைப் பார்ப்பேன். என்னைவிட ரேடியோவுக்கு அவ்வளவு பக்கத்தில் இருந்த அந்தக் காதைப் பிடித்துத் திருக வேண்டும் போல இருக்கும்.

வீட்டில் போய் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால் அம்மா, “ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையேன்னு கிராணி காருல அவரு தர்மம் பண்றாரு. அதுக்குப் போயி நீ மூஞ்சத் தூக்குற” என்பாள். அப்பா சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமலே, “கிராணி திரும்பி வர்ற வரைக்குந்தான் அந்தப் பவுசு” என்பார். ஆக வயிற்றெரிச்சல் எனக்கு மட்டும் இல்லை என்பது தெரிந்து கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

கிராணி திரும்பி வந்தார், கார் அவருடைய பங்களாவுக்குப் போயிற்று. சில வருஷங்களில் நாங்கள் தோட்டத்தை விட்டு சிரம்பானுக்கு வந்துவிட்டோம். நான் படித்தேன், ஒரு பஸ் கம்பெனி ஆபீசில் வேலை பார்த்தேன், அங்கேயே லோபாக்கில் வீடு வாங்கினேன். செல்வம் போர்ட்டிக்சன் பக்கம் குடியேறி லாரி ஓட்டினான். கல்யாணம், காரியம் என்று எங்காவது சந்தித்துக்கொள்வோம். அவன் சிரித்துப் பேசுவான், நானும் சிரிப்பேன், உள்ளே அந்த முன் சீட்டு அப்படியே கிடக்கும்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் நான் செய்த முதல் காரியம், வெண்ணெய் நிறத்தில் ஒரு பழைய மைனர் கார் வாங்கியது. என் மனைவி அதற்கு வைத்த பெயர் ‘சின்ன வீடு’. காரில் எல்லாம் இருந்தது, ரேடியோ மட்டும் இல்லை. அது இருக்க வேண்டிய இடத்தை ஒரு தகடு போட்டு மூடியிருந்தார்கள். விழுந்த பல்லின் இடத்துக்கு நாக்கு போவதைப் போல, காரில் ஏறும்போதெல்லாம் என் கண் அங்கேதான் போகும்.

பழைய கார் வைத்திருப்பவர்கள் ஒரு தனி ஜாதி. கைப்பேசியில் குழு வைத்துக்கொண்டு அடுத்தவன் காரை வாயாரப் புகழ்ந்து வயிறாரப் பொறாமைப்படுவார்கள். அந்தக் கூட்டத்தில் ‘ஒரிஜினல்’ ரேடியோவுக்கு இருக்கும் மரியாதை இஞ்சினுக்குக்கூட இல்லை. பாடுகிறதா என்று யாரும் முதலில் கேட்க மாட்டார்கள். கண்ணாடி கீறல் விழாமல் இருக்கிறதா, குமிழ்கள் ஒரே ஜோடியா, அடித்தகட்டில் எண் அழியாமல் இருக்கிறதா, உள்ளே யாராவது கை வைத்திருக்கிறார்களா என்றுதான் பார்ப்பார்கள். இந்தக் காலத்துப் பாட்டு வரவேண்டும் என்று உள்ளே புதிய எஃப்எம் பலகையைச் செருகியிருந்தால் விலை பாதியாகிவிடும்.

குழுவில் ஒருநாள் விடியற்காலை பகா ஊரிலிருந்து ஒரு படம் வந்தது. லிங்கி தோட்டத்துக் கிராணி ஒருவரின் காரில் இருந்த ரேடியோ என்று கீழே போட்டிருந்தது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வலது குமிழின் ஓரத்தில் கிராணியின் சுருட்டு சுட்ட கரும்புள்ளி இருந்தது. ஒரு விடுமுறை முழுக்க ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்த புள்ளி, எனக்குத் தெரியாதா? அன்று காலையிலேயே பகாவுக்குக் கிளம்பிவிட்டேன்.

விற்றவர் காதர் பாய், பழைய சாமான் கடை வைத்திருந்தார். ரேடியோவைத் துணியில் துடைத்து என் கையில் கொடுத்தார். “பாத்துக்கிடுங்க தம்பி. உள்ள ஒரு கம்பியக்கூட எவனும் தொடல. குமிழ்ல மட்டும் சூடு பட்டிருக்கு, அதுக்கு வேணும்னா கொறச்சுக்கிறேன்” என்றார்.

பழைய சாமான் வாங்கப் போகிறவன் முகத்தைக் கல் மாதிரி வைத்துக்கொள்ள வேண்டும். பிடிக்காத சம்பந்தத்துக்குப் பெண் பார்க்கப் போனவன் போல உதட்டைப் பிதுக்க வேண்டும். எனக்கு இதெல்லாம் தெரியும். தெரிந்தும் வாய் சும்மா இருக்கவில்லை.

“பாய், இந்த ரேடியோ இருந்த காருல முன் சீட்டுல உக்காந்து நான் பாட்டு கேட்டிருக்கேன். சின்னப் பிள்ளையில.”

பச்சைப் பொய். கேட்பதற்குச் செல்வம் அங்கே இல்லை என்ற தைரியம். காதர் பாய் டீ கிளாஸைக் கீழே வைத்தார். என் கையிலிருந்த ரேடியோவை மெதுவாகத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

“அப்படியா சேதி. கதையோட வந்த சாமான்னு தெரியாமப் போச்சே தம்பி. அந்தப் பழைய வெலைக்குக் குடுத்தா சாமானுக்கே மரியாதை இல்லலா.”

சூடு பட்ட குமிழுக்காகக் குறைய வேண்டிய விலையை என் பொய் ஏற்றிவிட்டது. நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்? கேட்ட விலையைக் கொடுத்து வாங்கினேன்.

என் கார் அந்த ரேடியோவுக்கு ஏற்றதாக இல்லை. அந்தக் காலத்து மைனர்களில் பேட்டரியின் பிளஸ் கம்பிதான் காரின் உடம்போடு சேரும். எனக்கு முன்னால் வைத்திருந்தவர் அதை மாற்றிவிட்டிருந்தார். ரேடியோவுக்காகக் காரையே பழையபடி திருப்பினேன். மெக்கானிக், உள்ளே சின்னதாக ஒரு எஃப்எம் பலகை வைத்துவிட்டால் பாட்டாவது வரும் என்றான். கூடாது என்றுவிட்டேன். செல்வம் பார்க்கும்போது அதே ரேடியோவாக இருக்க வேண்டும். சொல்லப்போனால் அவன் பார்ப்பதற்காகத்தான் இத்தனையும். அவன் வயிறு ஒருநாள், ஒரே ஒருநாள், என் வயிறு போல எரிய வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கூப்பிட்டேன், வந்தான். கையில் ஒரு பை ரம்புத்தான். வாசலில் நிறுத்தியிருந்த காரின் உறையை நான் கல்யாணப் பெண்ணின் முக்காட்டை எடுப்பதுபோல எடுத்தேன். அவன் குனிந்து ஜன்னல் வழியாகப் பார்த்தான். கரும்புள்ளியைப் பார்த்ததும் அவன் முகம் மாறியது. எனக்கு உள்ளே குளிர்ந்தது.

“உக்காருடா” என்றேன்.

யாரும் சொல்லாமலே செருப்பைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு முன் சீட்டில் ஏறினான். இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டான்.

“தொடலாமா மணி?”

“என்னடா புதுசா கேக்குற? அப்ப நீதான இதுக்கு ராஜா.”

“எங்க? ஒரு தடவகூடத் தொட்டதில்லடா. கைய நீட்டுனா அப்பா பொறங்கையிலயே போடுவாரு. எவனும் தொட்டுறாம பாத்துக்கன்னுதான் என்னை இங்க உக்கார வெச்சாரு. நீங்கள்லாம் வெளிய ஆடிக்கிட்டு இருப்பீங்க, எனக்கு எறங்கி ஓடியாரணும் போல இருக்கும்.”

எனக்குக் கோபம்தான் வந்தது. இத்தனை வருஷமாக நான் வளர்த்து வைத்திருந்த பொறாமைக்கு இப்படி ஒரு பதிலா? காவலுக்கு உட்கார்ந்தவனைப் பார்த்தா நான் வெந்தேன்? “சரி, திருப்பு” என்றேன்.

திருப்பினான். சூடேறியது, உறுமியது, அப்புறம் வெறும் இரைச்சல். முள்ளை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஓட்டினாலும் அதேதான். அந்த அலையில் நம் பாட்டு வந்த காலம் போய்விட்டது. எங்கள் லயம் இருந்த இடத்தில் இப்போது எண்ணெய்க்கான செம்பனை மரங்கள் நிற்கின்றன, டிரைவர் மாமா போய்ச் சேர்ந்துவிட்டார், என் அம்மா அப்பாவும் இல்லை. ஒட்டுப்பால் என்றால் என் பிள்ளைகளுக்கு அர்த்தம் தெரியாது. இதெல்லாம் எனக்கு முன்பே தெரிந்ததுதான். பூட்டிய அன்றே போட்டுக் கேட்டு, இரைச்சல் பொறுக்காமல் அணைத்தவன் நான்.

செல்வம் அணைக்கவில்லை. குமிழை மயிரிழை மயிரிழையாகத் திருப்பிக்கொண்டே, “அப்பா ஸ்டேசன் தேடுறப்ப இப்படித்தாண்டா எரையும். ‘இரு இரு, வந்துரும்’னு சொல்லிக்கிட்டே திருப்புவாரு” என்றான். பிறகு கண்ணை மூடிக்கொண்டான். அவன் உதடு லேசாக அசைந்தது. நான் பக்கத்தில், டிரைவர் சீட்டில், காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

விலை கொடுத்தவன் நான், கார் என்னுடையது, நிற்பது என் வீட்டு வாசல். இருந்தும் ரேடியோ அவனுக்குத்தான் பாடிக்கொண்டிருந்தது. வயிறு எரிந்தது.