சுக்கா வறுவலுக்கு ஏற்ற ஒயின்

துபாயில் தீபாவளிக்கு நினைத்தபடி பட்டாசு வெடிக்க முடியாது, லீவும் கிடையாது. வார நடுவில் பண்டிகை வந்தால், காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு ஆபீஸுக்கு ஓடுவோம். விருந்தைச் சனிக்கிழமைக்குத் தள்ளிவைப்போம். தமிழ் வீடுகளில் பெரும்பாலும் இப்படித்தான். எங்கள் வீட்டில் மட்டும் கூடுதலாக ஒரு கூத்து உண்டு. எந்தப் பதார்த்தத்துக்கு எந்த ஒயின் என்று என் கணவர் ஜோடி சேர்ப்பார்.

ஒரு ஹோட்டலில் நடந்த ஒயின் வகுப்புக்குப் போய்வந்ததிலிருந்து பிடித்த பித்து அது. வஞ்சிர மீன் வறுவலுக்கு வெள்ளை ஒயின். மட்டன் சுக்காவுக்கு ஷிராஸ் என்கிற சிவப்பு ஒயின். பிரியாணிக்கு லேசாக இனிக்கும் ரீஸ்லிங். அதிரசத்துக்குப் பாகு மாதிரி இருக்கும் போர்ட். ஒயினுக்குத் தோதாக நான் சமைக்க வேண்டுமாம். "மிளகாயைக் கொஞ்சம் கொறைச்சுக்கோ. காரம் ஏறுனா ஷிராஸ் கசக்கும்" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "அப்ப ஷிராஸைக் கொட்டிட்டு மோர் குடிங்க" என்பேன். தீபாவளி லேகியத்துக்கு எந்த ஒயின் என்று மட்டும் அந்த வகுப்பில் சொல்லித்தரவில்லை போலிருக்கிறது. கேட்டால் முறைப்பார்.

இதையெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்த காலம் ஒன்று இருந்தது. என் அண்ணன் விருந்துக்கு வந்த வருஷத்தோடு அது முடிந்துபோனது.

அண்ணன் ராஸ் அல் கைமாவில் இருந்தார். மலையை உடைத்துச் சிமெண்டுக்குக் கல் எடுக்கும் குவாரியில் லோடர் ஓட்டினார். நான் இன்ஜினியரிங் படித்ததும், எனக்குக் கோயம்புத்தூர் மாப்பிள்ளை அமைந்ததும் அவர் அந்தத் தூசியில் உட்கார்ந்து சம்பாதித்து அனுப்பியதால்தான். தூசியோடு சேர்ந்து குடியும் அவருக்குள் போய்விட்டது. ஒரு தை மாதம் லீவில் ஊருக்குப் போனவர், மகளின் பள்ளிக்கூட வாசலில் வேட்டி விலகி விழுந்து கிடந்தார். பிளஸ் ஒன் படிக்கிற பிள்ளை அவரைத் தாண்டித்தான் வீட்டுக்கு வந்திருக்கிறது. மறுநாளே மதினி அவரைக் கருப்பர் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போய்க் கயிறு கட்டவைத்தார்.

எங்கள் பக்கத்தில் குடிக்கு அதுதான் கடைசி வைத்தியம். கருப்பர் முன்னால் சூடத்தில் அடித்துச் சத்தியம் பண்ண வேண்டும். பூசாரி மணிக்கட்டில் கறுப்புக் கயிறு கட்டிவிடுவார். ஒரு வருஷத்துக்குக் குடியைத் தொடக் கூடாது. கயிறோடு குடித்தால் கருப்பர் ரத்தம் கக்கவைப்பார் என்பது ஊர் நம்பிக்கை. மதினி அதற்கு மேலும் ஒன்று சொல்லியிருந்தார். "அடுத்த தையில இந்தக் கயிறோட வந்தா வீட்டுக்குள்ள வாங்க. இல்லேன்னா அப்படியே போயிருங்க. எனக்கும் என் மகளுக்கும் நீங்க வேணாம்."

மதினி சொன்னால் சொன்னதுதான். வெள்ளிக்கிழமைதோறும், குவாரி ஆட்கள் தங்கும் கேம்புக்கு வீடியோ கால் போடுவார். சாப்பிட்டீங்களா என்று கேட்பதற்கு முன்னால், "கையைக் காட்டுங்க" என்பார். அண்ணன் சட்டைக் கையை ஏற்றிவிட்டுப் போனுக்கு முன்னால் மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிக் காட்டுவார். அதைப் பார்த்த பிறகுதான் மற்ற பேச்சு. ஒருமுறை நானும் பக்கத்தில் இருந்தேன். எனக்கே வெட்கமாக இருந்தது. அண்ணனுக்கு இல்லை. "இருக்கட்டும் தாயி. என் பொழப்பு இப்ப இந்தக் கயித்துலதான் தொங்குது" என்றார்.

ரூமில் மற்றவர்கள் குடிப்பார்கள். அவர் போர்வையைத் தலைவரைக்கும் இழுத்து மூடிக்கொண்டு படுத்துக்கொள்வாராம். முதல் மாதம் கை நடுக்கத்தில் டீ டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. அதையும் தாண்டி ஐப்பசி வரைக்கும் வந்துவிட்டார். தைக்கு இன்னும் மூன்று மாதம்தான் பாக்கி.

அந்த வருஷம் விருந்துக்கு அவரைக் கூப்பிட வேண்டும் என்று சொன்னது என் கணவர்தான். நல்ல மனசு. நான் ஒரே ஒரு நிபந்தனை போட்டேன்.

"அண்ணன் வர்றாரு. இந்த ஒரு வருஷம் ஒயின் வேண்டாங்க."

"ஒயினும் பட்டைச் சாராயமும் ஒண்ணா? திராட்சைச் சாறு அது. டாக்டரே குடிக்கச் சொல்றாங்க."

"டாக்டர் எங்க அண்ணனுக்குச் சொல்லலை."

"சரி, அவருக்கு ஊத்தலை. போதுமா? ரெண்டு ஃபேமிலி வருது. அவங்களை வெறும் வாயோட அனுப்பச் சொல்றியா?"

வாக்குக் கொடுத்துவிட்டார் என்று நான் அடுப்பைப் பார்க்கப் போனேன். சனிக்கிழமை காலை அவர் காரை எடுத்துக்கொண்டு ராஸ் அல் கைமா போனார். ஒயினுக்கு அவருக்குப் பிடித்த கடை அந்த ஊர்க் கடற்கரையில்தான் இருக்கிறது. கடைக்கும் போய், கேம்புக்கும் போய், இரண்டையும் ஒரே நடையில் முடித்துவிட்டார். மத்தியானம் லிஃப்ட் திறந்தது. நான் எடுத்துக்கொடுத்திருந்த புதுச் சட்டையில் அண்ணன் நின்றார். ஒயின் பெட்டி அவர் கையில் இருந்தது.

"பின் சீட்ல உருண்டுச்சு தாயி. மடியில வச்சுப் பச்சப்புள்ளையாட்டம் பிடிச்சுக்கிட்டு வந்தேன்" என்று சிரித்தார்.

பெட்டியைப் பிடுங்கித் தரையில் வைத்தேன். "உங்களுக்கு அறிவு இருக்கா?" என்று கணவரைப் பார்த்துக் கேட்டேன். "சும்மா தூக்கிட்டு வந்தாரு, குடிச்சா வந்தாரு?" என்றார் அவர்.

சாயங்காலம் அவருடைய ஆபீஸ் நண்பர்கள் இரண்டு பேர் குடும்பத்தோடு வந்தார்கள். தட்டுக்குப் பக்கத்தில் வயிறு பெருத்த கண்ணாடிக் கோப்பைகளை என் கணவர் வரிசையாக வைத்தார். அண்ணனுக்கும் ஒன்று வைத்தார். நான் பார்த்தேன். "தண்ணிக்கு" என்றார். அண்ணன் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். இரண்டு கைகளையும் தொடைக்கு நடுவில் வைத்துக்கொண்டு, எல்லாரும் பேசுவதற்கெல்லாம் சிரித்துக்கொண்டிருந்தார். எந்தக் கம்பெனி என்று ஒருவர் கேட்டார். குவாரி என்றதும், "ஓ" என்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டார்.

நான் மீனைப் பொரித்துக்கொண்டிருந்தேன். அடுக்களையிலிருந்தே எல்லாம் கேட்டது. வெள்ளை ஒயின் கதை முடிந்து, சுக்காவுக்கு ஷிராஸ் வந்தது. அது அந்த வருஷத்து விசேஷ பாட்டில். என் கணவர், "இதை மொதல்ல மச்சானுக்குத்தான். வீட்டுக்கு மூத்தவரு" என்றார்.

"எனக்கு வேணாம் மாப்ள."

"மச்சான், எல்லாருக்கும் ஊத்திட்டு உங்களுக்கு மட்டும் பச்சத் தண்ணி வச்சா எனக்கு அசிங்கம்."

ஒரு நண்பர், "ஹார்ட்டுக்கு நல்லதுங்க. இதெல்லாம் சரக்கு கணக்குலயே வராது" என்றார்.

நான் எண்ணெய்ச் சட்டியை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தேன். அண்ணன் பாட்டில் திறக்கும் திருகாணியைக் கையில் எடுத்திருந்தார். அதில் மடக்கு கத்தி மாதிரி ஒரு சின்ன அலகு இருக்கும், பாட்டில் கழுத்தின் உறையை அறுப்பதற்கு. "கயித்தோட குடிக்கக் கூடாது மாப்ள, சாமி குத்தம்" என்று சொல்லிக்கொண்டே அந்த அலகைக் கயிற்றுக்குள் விட்டு அறுத்தார். சாமிக்குப் பயந்துதான் அறுத்தார், பாவி மனுஷன். அறுத்த கயிற்றைத் தட்டுக்கு அடியில் ஒளித்துவைத்தார். மேஜையைச் சுற்றி இருந்தவர்கள் கை தட்டினார்கள்.

"அண்ணே!" என்று கத்தினேன்.

"ஒயின்தானே தாயி. மாப்ள ஆசையா ஊத்துறாரு."

கோப்பையைப் பிடுங்கிக்கொண்டு போய் சிங்க்கில் கொட்டினேன். முதுகுக்குப் பின்னால் என் கணவர், "இவ இப்படித்தான், கண்டுக்காதீங்க" என்று சிரித்துக்கொண்டே வேறு கோப்பையை எடுத்து ஊற்றும் சத்தம் கேட்டது. நான் திரும்பி வருவதற்குள் அண்ணன் குடித்துவிட்டிருந்தார். ஒயினை மெல்ல மெல்ல உறிஞ்சிக் குடிக்க வேண்டுமாம். அவர் முன்பு கேம்பில் குடித்த மாதிரி ஒரே மடக்கில் குடித்துவிட்டுப் புறங்கையால் வாயைத் துடைத்தார். "சுக்காவுக்கு நல்லாத்தான் இருக்கு மாப்ள" என்றார். அந்தக் கண்களை எனக்கு ஊரிலிருந்தே தெரியும். இனிமேல் நான் அழுதாலும் விழுந்து புரண்டாலும் ஒன்றும் நடக்காது.

விருந்தாளிகள் போன பிறகு தட்டுகளை அடுக்கினேன். எலும்புத் துண்டுகளோடு அந்தக் கயிறு கிடந்தது.

காலையில் பார்த்தால் மிச்சம் இருந்த பாட்டில்கள் எல்லாம் காலி. அதிரசத்துக்கென்று வாங்கிய போர்ட்கூட இல்லை. ஞாயிற்றுக்கிழமை அண்ணனுக்கு டூட்டி. விடியும் முன்பே என் கணவர் அவரை எழுப்பிக் குளிக்கவைத்து, "சூயிங்கம் போட்டுக்கங்க மச்சான், வாசம் தெரியாது" என்று சொல்லிக் காரில் ஏற்றிக்கொண்டு போனார். குவாரி வாசலில் லோடர், லாரி ஓட்டுகிற எல்லாரும் ஒரு மெஷினில் ஊதிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். சூயிங்கம் போட்டால் மெஷின் ஏமாறுமா? அதற்கு ஒயின் என்றும் சாராயம் என்றும் பேதம் தெரியாது. அண்ணன் ஊதினார். சேஃப்டிக்காரர் மெஷினைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார். "கலாஸ் பாய்", அதாவது எல்லாம் முடிந்தது என்று சொல்லிவிட்டு ஹெல்மெட்டைக் கையில் வாங்கிக்கொண்டார்.

விசா கேன்சல் ஆகி அவர் ஊருக்குக் கிளம்பும் வரைக்கும் வந்த வெள்ளிக்கிழமைகளில் மதினியின் போனை அவர் எடுக்கவில்லை. என் போனுக்கு மதினி கூப்பிட்டார். நான் நடந்ததை அப்படியே சொன்னேன். "உங்க வீட்டுலயா?" என்று மட்டும் கேட்டார்.

மார்கழியில் அண்ணன் ஊருக்குப் போனார். மீதியை அவருடைய மகள் போனில் சொன்னாள். "அப்பா பெட்டியோட வாசல்ல நின்னாரு அத்தை. அம்மா கதவைப் பாதிதான் திறந்துச்சு. 'கையைக் காட்டுங்க'ன்னுச்சு. அப்பா ரெண்டு கையையும் காட்டுனாரு. அம்மா கதவைச் சாத்திருச்சு." அவள் அழவில்லை. மறுநாள் பரீட்சை என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.

அப்புறம் அண்ணன் தோட்டத்து மோட்டார் ரூமில் கிடந்தார். யார் வாங்கிக் கொடுத்தாலும் குடித்தார். வைகாசியில் ரத்தம் ரத்தமாக வாந்தி எடுத்துச் செத்துப்போனார். ஈரல் கெட்டு ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார் டாக்டர். கருப்பர் அடித்துவிட்டார் என்றது ஊர். கருப்பரை ஏன் இழுக்கிறார்கள்? கயிற்றை அறுக்கிற வரைக்கும் அவர் காவல் காத்துக்கொண்டுதான் இருந்தார்.

சாவுக்கு என் கணவரும் வந்தார். பாடைக்குத் தோள் கொடுத்தார். சுடுகாட்டிலிருந்து திரும்பிவந்து, மோட்டார் ரூம் வாசலில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். நடிப்பில்லை. அவர் கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு எரிச்சல் இருக்காது. விட்டுத் தொலைத்திருப்பேன். நல்லவர், ஆசையாக ஊற்றுகிறவர். என்னை என்ன செய்யச் சொல்கிறீர்கள்?

அடுத்த ஐப்பசி வந்தது. சொந்தத்தில் சாவு விழுந்தால் அந்த வருஷம் பண்டிகை கிடையாது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். என் கணவர் கோயம்புத்தூருக்குப் போன் போட்டு அவருடைய அம்மாவிடம் கேட்டிருக்கிறார். கட்டிக்கொடுத்த பெண்ணுக்குப் பிறந்த வீட்டுச் சாவில் மூன்று நாள்தான் தீட்டாம். அதன்பிறகு பண்டிகைக்குத் தடையில்லையாம். "முறைப்படி தப்பில்லைம்மா. வீட்டை இருட்டா வைக்கக் கூடாது. உனக்கும் ஒரு மாறுதலா இருக்கும்" என்றார். மூன்று நாள்! என்னைப் படிக்கவைத்த மனுஷனுக்கு நான் மூன்று நாள்தான் சொந்தம்.

என் கணவர் மட்டன் வாங்கிவந்தார், சுக்கா செய்தேன். மிளகாயைக் குறைக்கவில்லை. அதே இரண்டு குடும்பம், அதே வயிறு பெருத்த கோப்பைகள். சுக்காவை எடுத்துக்கொண்டு நான் வரும்போது என் கணவர் பாட்டிலைக் கையில் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றிருந்தார்.

"இந்த ஷிராஸ் எங்க மச்சான் ஞாபகமா. அவருக்குப் பிடிச்சது. சுக்காவுக்கு நல்லாருக்குன்னு அவர் வாயாலேயே சொன்னாரு."

எல்லாரும் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு கோப்பையைத் தூக்கினார்கள்.

நான் தட்டை மேஜைமேல் வைத்தேன். கத்த வேண்டும் என்று நெஞ்சுவரைக்கும் வந்தது. ஆனால் வாயில் வந்தது மதினியின் பேச்சுதான்.

"கையைக் காட்டுங்க" என்றேன்.

நண்பர் ஒருவர், ஜோசியம் பார்க்கப்போகிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, சிரித்துக்கொண்டே உள்ளங்கையை நீட்டினார். அவர் மனைவி என்னையும் கணவரையும் மாறி மாறிப் பார்த்தாள். என் கணவர் கோப்பையைக் கீழே வைத்தார். உட்கார்ந்து, இரண்டு கைகளையும் மேஜைக்குக் கீழே இழுத்துக்கொண்டார்.