ஏர் ஃபில்டரும் என் இடது காலும்

எங்கள் காரின் ஏர் ஃபில்டர் துவைத்துப் போடுகிற வகை. மற்ற வண்டிகளில் காகித ஃபில்டர் இருக்கும், அழுக்கானால் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது மாட்டுவார்கள். இது பருத்தித் துணியை மடிப்பு மடிப்பாகக் கம்பி வலையில் வைத்துச் செய்தது. அதற்கென்று விற்கிற திரவத்தில் அழுக்கை ஊறவைத்து, அலசி, நிழலில் காயப்போட்டு, ஒரு சிவப்பு எண்ணெயைத் துணியில் விட்டு மறுபடி மாட்டலாம். என்ஜினுக்குள் போகிற காற்றில் உள்ள தூசியை அந்த எண்ணெய்தான் பிடித்து நிறுத்தும். இதை வாங்கி மாட்டியவர் என் கணவர். ஆடி மாதம் மேற்கிலிருந்து இறங்குகிற காற்று பள்ளத்தாக்குச் செம்மண்ணை எல்லாம் அள்ளிக்கொண்டு வந்து தேனியில் கொட்டும். அதனால் இந்தத் தூசிக்கு இதுதான் தாங்கும் என்று அவர் சொன்ன காரணத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

அவருக்கு மார்க்கெட்டில் காய்கறிக் கமிஷன் மண்டி. மண்டிக்கு பைக்கில் போய்விடுவார். நான் அரசுப் பள்ளி ஆசிரியை. கார் வார நாளில் என்னுடையது, ஞாயிற்றுக்கிழமை அவருடையது. ஃபில்டர் மட்டும் எல்லா நாளும் அவருடையதுதான். மாதத்தில் ஒரு ஞாயிறு அதைக் கழற்றிக் குளிப்பாட்டி, வாசலில் காயவைத்து, எண்ணெய் விடுவார். விடுவார் என்றா சொன்னேன்? ஊற்றுவார். பச்சைப் பிள்ளைக்குத் தலை நிறைய எண்ணெய் வைப்பதுபோல், மடிப்பில் எல்லாம் வழிய வழிய ஊற்றி, விரலால் தேய்த்தும் விடுவார். எண்ணெய் விஷயத்தில் அந்தக் குடும்பத்தில் யாருக்கும் கை சுருங்காது. தோட்டத்து மோட்டார், சைக்கிள் செயின், கதவுக் கீல் எதுவானாலும் சொட்டச் சொட்ட விட்டால்தான் அவர்களுக்கு மனசு ஆறும். இவ்வளவு எதற்கு என்று ஒரு முறை கேட்டேன்.

"வைத்தியனுக்குக் குடுக்கிறத வாணியனுக்குக் குடுன்னு சொல்லுவாக. நீ பாடம் நடத்துற வேலையப் பாரு" என்றார்.

இரண்டு மூன்று மாதத்தில் வண்டி திக்க ஆரம்பித்தது. சிக்னலில் நின்று கிளம்பினால் ஒரு குலுங்கல். மெதுவாகப் போகும்போது இழுப்பது, விடுவது. மேட்டில் நிறுத்தி எடுத்தால் அப்படியே அணைந்துவிடும். லைசென்ஸ் வாங்கி ஒரு வருடம்கூட ஆகாதவள் நான். குற்றவாளியைத் தேடி யாரும் அலைய வேண்டியிருக்கவில்லை.

"கிளட்ச்ச மெதுவா விடுன்னு எத்தன தடவ சொல்றது? ஒனக்கு இடது காலு அடங்க மாட்டேங்குது" என்பார் அவர்.

வண்டியில்தான் ஏதோ கோளாறு என்று நான் சொன்னபோது, பக்கத்துத் தெருவில் இருக்கும் அவருடைய அக்கா காபி டம்ளரைக் கீழே வைக்காமலே சொன்னாள். "ஆடத் தெரியாதவ தெருக் கோணல்னாளாம்." இருவரும் சிரித்தார்கள். பழமொழி கேட்டால் குழந்தைகளுக்கு விளக்கம் சொல்கிற வேலை என்னுடையது. அன்று விளக்கம் தேவைப்படவில்லை.

அவர் ஓட்டும்போது மட்டும் ஏன் திக்கவில்லை என்று கேட்கலாம். அவர் ஓட்டுவது ஞாயிற்றுக்கிழமை, மதுரை ரோட்டில், ஆக்சிலேட்டரை அழுத்திப் பிடித்து. அந்த வேகத்தில் கோளாறு வெளியே தெரியாது. எப்போதாவது அவர் கையில் திக்கினாலும் அதற்கும் பதில் வைத்திருந்தார். "வாரம் பூரா நீ ஓட்டி ஓட்டி, வண்டிக்கே அந்தப் பழக்கம் வந்துருச்சு." கிளட்ச் பிளேட்டையும் மாற்றிப் பார்த்தார். மாற்றிய மறுநாளே வண்டி திக்கியது. புது பிளேட்டையும் தின்றுவிட்டாயா என்று கேட்டார். நான் இராத்திரி கட்டிலில் படுத்துக்கொண்டு இடது காலை மெதுவாக மடக்கி நீட்டிப் பழகியிருக்கிறேன். இதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அந்தச் சமயத்தில்தான் தலைமையாசிரியை பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயர் வந்தது. பதினெட்டு வருடம் காத்திருந்தது. எனக்குக் கிடைக்கக்கூடிய இடம் பண்ணைப்புரத்துக்கு மேற்கே மலையடிவாரத்தில் ஒரு நடுநிலைப் பள்ளி. காலையில் அங்கே போகிற பஸ் முதல் மணி அடித்த பிறகுதான் போய்ச் சேரும். கார் இருந்தால் போகலாம், இல்லையென்றால் கிடையாது. கலந்தாய்வுக்கு முந்தைய சனிக்கிழமை அவரைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பாதையைப் பார்த்து வரப் போனேன்.

வாய்க்கால் பாலத்தைத் தாண்டினால் பள்ளிக்கூடம் வரை ஒரே ஏற்றம். எதிரே ஆட்டுமந்தை வந்ததால் பாதியில் நிறுத்தினேன். எடுத்தபோது வண்டி அணைந்தது. மறுபடி எடுத்தேன், மறுபடி அணைந்தது. மூன்றாவது தடவை வண்டி பின்னால் உருண்டது. பின்னால் திராட்சைப் பெட்டி ஏற்றிய டிராக்டர்க்காரர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. சாலையோரத் திராட்சைப் பந்தலுக்குள் வேலை செய்த பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். என் கணவர் இறங்கிச் சுற்றி வந்து, "எறங்கு" என்றார். சீட்டில் உட்கார்ந்து என்ஜினை உறும விட்டு, ஒரே மிதியாக மேலே ஏற்றிவிட்டார். நான் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்து ஏறினேன். மேலே வந்ததும் அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

"ஒனக்கு எதுக்குத்தா இந்த வம்பு? ஏத்தத்துல நடந்து வர்ற பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு ஏதாவது ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?" என்று மெதுவாகக் கேட்டார்.

அது எனக்கு நியாயமாகப் பட்டது. பதவி உயர்வு வேண்டாம் என்று என் கையெழுத்தில் எழுதிக் கொடுத்தேன். காரணம் என்ற இடத்தில் சொந்தக் காரணங்கள் என்று எழுதினேன். எழுதிக் கொடுத்தால் சில வருடங்களுக்குப் பெயர் திரும்ப வராது என்று ஆபீஸில் சொன்னார்கள். தெரிந்துதான் கொடுத்தேன். ஜூனில் அங்கே வேறொரு டீச்சர் பொறுப்பேற்றுக்கொண்டார்.

ஆடியில் அவர் மண்டிப் படியில் வழுக்கித் தோளைப் பிசகிக்கொண்டார். கட்டோடு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "நான் சொல்றத மட்டும் செய்" என்று ஃபில்டர் வேலையை எனக்குக் கொடுத்தார். கிளிப்பைத் தட்டிப் பெட்டியைத் திறந்தேன். பெட்டியின் அடியில் சிவப்பு எண்ணெய் தேங்கிக் கிடந்தது. என்ஜினுக்குப் போகிற குழாய்க்குள்ளும் எண்ணெய் வழிந்து தூசியோடு பிசுபிசுவென்று ஒட்டியிருந்தது. ஃபில்டரை ஊறவைத்துவிட்டு எண்ணெய் பாட்டில் வந்த அட்டைப் பெட்டியைக் கவிழ்த்தேன். நான்காக மடித்த காகிதம் ஒன்று விழுந்தது. மடிப்பு குலையாமல் இருந்தது. ஒருவரும் அதைப் பிரித்ததில்லை.

பிரித்துப் படித்தேன். ஒவ்வொரு மடிப்புக்கும் மெலிதாக ஒரு கோடு எண்ணெய் போதும், துணியில் ஊறும்வரை காத்திருக்க வேண்டும், அதிகம் விட்டால் காற்றோடு எண்ணெய் உள்ளே போய் சென்சாரில் படியும், வண்டி திக்கும், அணையும் என்று படம் போட்டே எழுதியிருந்தார்கள். பதினெட்டு வருடமாக, கேள்வியை முழுதாகப் படித்துவிட்டுப் பதில் எழுதுங்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தவள் நான். என் வீட்டுப் பெட்டியை நான் ஒரு நாளும் கவிழ்த்துப் பார்க்கவில்லை. ஃபில்டர் காய்ந்ததும் காகிதத்தில் இருந்தபடியே மெலிதாக எண்ணெய் விட்டேன்.

"என்ன, கோயில்ல தீர்த்தம் குடுக்கிற மாதிரி விடுற?" என்று நாற்காலியிலிருந்து குரல் வந்தது. நான் அடுத்த மடிப்புக்குப் போனேன்.

மறுநாள் பள்ளி விட்டு வரும் வழியில் ஒரு மெக்கானிக்கிடம் வண்டியை விட்டேன். அவர் குழாயைக் கழற்றி விரல் அளவு ஒரு சாமானை உருவிக் காட்டினார்.

"டீச்சர், இங்கன பாருங்க. காத்து எவ்வளவு வருதுன்னு என்ஜினுக்குச் சொல்றது இந்தக் கம்பிதான். இது பூரா எண்ணெய்ல கெடக்கு. பெறகு எப்படி வண்டி ஒழுங்கா ஓடும்? யாரு இப்படி ஊத்துனாக?"

"வீட்டுல" என்றேன்.

ஏதோ ஸ்பிரே அடித்தார், உலரவிட்டு மாட்டினார். ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. சனிக்கிழமை நான் மட்டும் அந்த மலையடிவாரத்துக்கு ஓட்டிப்போனேன். ஏற்றத்தின் பாதியில், ஆடும் இல்லை டிராக்டரும் இல்லை, வேண்டுமென்றே நிறுத்தினேன். எடுத்தேன். வண்டி பேசாமல் ஏறியது. ஐந்து தடவை நிறுத்தி எடுத்தேன், ஐந்து தடவையும் ஏறியது. மேலே பள்ளிக்கூடம் பூட்டியிருந்தது. கேட் வழியாக, சுவரில் புதுப் பெயின்டில் எழுதிய இன்னொருத்தியின் பெயர் தெரிந்தது. எனக்கு அழுகை வரவில்லை. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். அந்தப் பழியை நானே கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கிறேன்.

அன்று மாலை அந்தக் காகிதத்தை அவர் முன்னால் வைத்து, மெக்கானிக் சொன்னதையும் சொன்னேன். அவர் ஒரு பக்கம் படித்துவிட்டுத் திருப்பி வைத்தார்.

"எண்ணெய் கூடுனதுக்கா வண்டி நிக்கும்? அவன் ஏதாவது சொல்லணும்னு சொல்லியிருப்பான்."

"நான் எழுதிக் குடுத்துட்டு வந்தேனே, அதுக்கு என்னங்க சொல்றீக?"

"அது போனா இன்னொண்ணு வரும். சும்மா போட்டு ஒழப்பிக்காத" என்று டி.வி.யைச் சத்தமாக வைத்தார்.

அடுத்த மாதம் கம்பத்தில் ஒரு காதுகுத்து. அவர் தோள் இன்னும் சரியாகாததால் நான்தான் ஓட்டினேன். அவர் பக்கத்தில், அவருடைய அக்கா பின்னால். வழியெல்லாம் வேகத்தடை, வளைவு, சின்னமனூர் நெரிசல். வண்டி ஓரிடத்திலும் திக்கவில்லை.

"என்னடா தம்பி, வண்டி இன்னைக்கு அலுங்காமக் குலுங்காமப் போகுது?" என்றாள் அக்கா.

"பின்ன? இத்தன நாளாப் பக்கத்துல ஒக்காந்து சொல்லிக் குடுத்திருக்கேன்ல. இப்பத்தான் நல்லா ஓட்டுறா" என்றார் அவர்.

அந்தக் காகிதத்தைப் படித்தவர்தான் இதைச் சொன்னார். வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு அவரிடம் கேட்டிருக்க வேண்டும். நான் கேட்கவில்லை. நல்லா ஓட்டுறா என்ற அந்தச் சொல் காதில் விழுந்ததும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒரு நொடிதான். ஆனால் கண்ணாடியில் பார்த்தேன், சிரித்துக்கொண்டிருந்தேன்.